பிள்ளை பார்க்கிற மெசின்

என் கணவர் எல்லா விஷயத்திலும் பிடிவாதக்காரர். சளிக்காய்ச்சல் முற்றி மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும் வயலை விட்டு வரமாட்டேன் என்றவரை, அடம்பனிலிருந்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். வழியில் இருந்த சோதனைச் சாவடிகளைவிட அவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

வார்ட்டில் ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவேயில்லை. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மா, நுரையீரலைச் சுத்திச் சீழ் கட்டிப்போச்சு. நாங்கள் போடுற மருந்து அதுக்குள்ள போகுதில்லை. குத்தி எடுக்கப் பாத்தம், இடம் பிடிபடேல்லை. கொழும்புக்கு அனுப்பலாமெண்டால் சண்டையால பாதை பூட்டு. ஸ்கான் மெசினில பாத்துக் குத்தினால் ஆளைக் காப்பாத்தலாம்."

அந்த மெசின் கர்ப்பிணிகளின் கிளினிக்கில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிள்ளை பார்க்கிற மெசின் என்றுதான் பெயர். வாசலில் போட்டிருந்த வாங்கு நிறைய வயிற்றுப் பிள்ளைக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணைக்கு எத்தினை மாசம்?"

எல்லோரும் சிரித்தார்கள். தள்ளுவண்டியில் கிடந்தவர் போர்த்தியிருந்த சாரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "திருப்பு... வண்டியை..." என்றார். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "வெக்கத்தில சாகப்போறியளோ? நான் தாலியைக் கழட்டிப்போட்டு உவையோட சேந்து சிரிக்கட்டோ?"

சிரிப்பு அடங்கிவிட்டது. வண்டியை நானே உள்ளே தள்ளினேன்.

கரண்ட் இல்லாததால் ஜெனரேற்றரைப் போட்டார்கள். அவரைப் பிடித்து உட்காரவைத்து, முதுகில் பசையைத் தடவிக் கருவியை மெல்ல மெல்ல நகர்த்தினார் டொக்டர். திரையில் கறுப்பாக ஒரு திட்டுத் தெரிந்தது. "இந்தா, இதுக்குள்ளதான் ஒளிச்சிருக்கு" என்றார். அந்த இடத்தில் பேனையால் அடையாளம் வைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியை இறக்கினார். மஞ்சளாகச் சீழ் ஏறி வந்தது. அறையெல்லாம் நாற்றம். அவ்வளவு சந்தோஷத்தோடு அப்படியொரு நாற்றத்தை வேறு யாரும் முகர்ந்திருக்க மாட்டார்கள். பிறகு அதே இடத்தில் குழாய் வைத்து மிச்சத்தையும் வடியவிட்டார்கள்.

மருந்தை மாற்றவில்லை. முன்பு போட்ட அதே ஊசிதான். இப்போது அது பிடித்தது. சில நாட்களில் உடம்பு குளிர்ந்து, கஞ்சி குடித்தார். நான் கோப்பையைக் கழுவிக்கொண்டு வரும்போது கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார்.

"அத்தினை பொம்பிளையளுக்கு முன்னால என்ரை மானத்தை வாங்கிப்போட்டு இப்ப ஒண்டும் தெரியாத மாதிரிக் கோப்பை கழுவிக்கொண்டு திரியிறியே, உனக்கு வாய் கூடிப்போச்சடி!"

வார்ட்டே திரும்பிப் பார்த்தது. அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தார்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றேன்.