மடித்தவர் கையெழுத்து

எங்கள் மாமா ஏரோப்பிளேனிலிருந்து குதிக்கிறவர் என்று ஐந்தாம் வகுப்பில் நான் அளந்துவிட்டேன். முழுப் பொய் என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாமா, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, ஆக்ராவில் விமானப்படையில் இருந்தார். பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கிற ராணுவ வீரர்களுக்கு அங்கேதான் பயிற்சி. மாமாவுக்கும் அந்தக் காம்பவுண்டுக்குள்தான் வேலை. இதுவரைக்கும் எல்லாம் சத்தியம். குதித்தார் என்பது மட்டும் என் கைச்சரக்கு.

எங்கள் பள்ளிக்கூடம் சிங்காநல்லூரில் குளத்துப் பக்கம் இருந்தது. விமான நிலையம் அதிக தூரமில்லை. இறங்க வருகிற விமானங்கள் எங்கள் ஓட்டுக் கூரையை உரசுகிற மாதிரி தாழ்ந்து போகும். சத்தம் அடங்கும்வரை டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுச் சாக்பீஸும் கையுமாக நிற்பார். அப்படி ஒரு இடைவெளியில்தான், என் பக்கத்தில் உட்காரும் பெண், அவளுடைய பெரியப்பா துபாயிலிருந்து இந்த மாதிரி விமானத்தில்தான் வருவார் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க மாமா இதுல வரமாட்டாரு. இதுல இருந்து குதிப்பாரு" என்றேன்.

மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனை தடவை குதித்தார் என்று கேட்டார்கள். நூறு என்றேன். அதற்குப் பிறகு ஜன்னலோர இடம் எனக்கு. கேட்டுக்கு வெளியே மாங்காய் வாங்கினால் முதல் துண்டு எனக்கு. பெரியப்பாக்காரியே தன் கலர் பென்சில் டப்பாவை என் பக்கம் நீட்டினாள். பொய்யில் இவ்வளவு சௌகரியம் இருக்கும்போது அதை விட யாருக்குத்தான் மனசு வரும்?

உண்மை என்னவென்றால், மாமா பாராசூட் மடிக்கிறவர். குதிக்கிறவர்கள் ராணுவம். அவர்கள் முதுகில் கட்டிக்கொள்கிற குடையைச் சரிபார்த்து, மடித்து, பைக்குள் வைத்துக் கொடுப்பது மாமாவின் ஆட்கள். லீவில் வந்தாலும் அவர் கை சும்மா இருக்காது. கொடியில் காய்ந்த புடவைகளை அம்மா கட்டிலில் கொண்டுவந்து போட்டால் போதும், உட்கார்ந்துவிடுவார். விளிம்போடு விளிம்பு சேர்த்து, உள்ளங்கையால் நீவி நீவி மடிப்பார். முடித்ததும் கொடியிலிருந்து எடுத்த கிளிப்புகளை எண்ணுவார். ஒன்று குறைந்தால், மடித்த அத்தனையையும் பிரித்துப் பார்ப்பார். நகம் வளர விடமாட்டார். மோதிரம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவர் அவர்; துணி மடிப்பதெல்லாம் அவரைப் பொறுத்தவரை வேலையே இல்லை. "ஏன் மாப்ள, மடிக்கறதுக்கா அத்தன தொலவு போனீங்க? திருப்பூர்ல பனியன் மடிச்சாப் பத்தாதா?" என்பார். மாமா சிரித்துக்கொண்டே அடுத்த புடவையை எடுப்பார். அம்மாவுக்குத்தான் முகம் சுண்டிப்போகும். எனக்கு அதைவிட வலித்தது. எல்லார் வீட்டிலும் துணி மடிக்கிறார்கள், அதற்கு ஒரு யூனிஃபார்ம் வேறா என்று ஆத்திரமாக வரும்.

பள்ளி வாட்ச்மேனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்தியூர்ப் பக்கத்துக்காரர். வயது ஐம்பதுக்கு மேல் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். ஆனால் மீசை நரைத்துவிட்டதால் எங்களுக்கு அவர் கேட்டுத் தாத்தா. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். கேட்டருகே ஸ்டூல் மேல் ஒரு நீள நோட்டு இருக்கும். உள்ளே வருகிறவர் யாரானாலும் அதில் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். தினமும் தண்ணி கேன் இறக்குகிறவர் தினமும் போடுவார். மறந்துவிட்ட டிபன் பாக்ஸைக் கொடுக்க வந்த என் அம்மாவைக்கூட அவர் விடவில்லை. லேட்டாக வருகிறவர்களை அதட்டிக்கொண்டே இருப்பவர், விமானச் சத்தம் கேட்டால் மட்டும் அப்படியே நின்று அண்ணாந்து பார்ப்பார். அது மறைகிறவரைக்கும் பார்ப்பார். அந்த நேரம் பார்த்து நாங்கள் நழுவி உள்ளே ஓடிவிடுவோம்.

அந்த வருடம் மாமா பொங்கலுக்கு வந்தவர் மாதக் கடைசிவரை லீவு போட்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? நான் பிள்ளைகளிடம் சொல்ல, பிள்ளைகள் டீச்சரிடம் சொல்ல, டீச்சர் பெரிய டீச்சரிடம் சொல்ல, படையில் பணிபுரியும் தங்கள் சகோதரரைக் குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அனுப்பிவைக்கவும் என்று வீட்டுக்குக் கடிதமே வந்துவிட்டது. அம்மா அதை நாலு தடவை படித்தாள். அப்பா பட்டறையிலிருந்து வரும்வரை காத்திருந்து, அவர் காதுபட ஐந்தாவது தடவை படித்தாள். மாமா சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். நான் மட்டும் இருபத்தாறாம் தேதிக்குள் காய்ச்சல் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இருபத்தாறாம் தேதி காலையில் அப்பாவின் மொபெட்டில் குளத்து ரோட்டில் போகும்போது, மாமாவின் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். நூறு தடவை என்றதையும் சேர்த்துத்தான்.

"குதிக்கறேன்னே சொல்லிப்போடுங்க மாமா. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானுங்க. இல்லீனா எல்லாரும் என்னையப் பொய்க்காரின்னு சிரிப்பாங்க."

மாமா வண்டியை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. "கெட்டியாப் புடிச்சுக்க அம்மணி, மேடு வருது" என்றார். சரி என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கேட்டில் வழக்கம்போல வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். ரோஜாப்பூவோடு காத்திருந்த பெரிய டீச்சர், "விருந்தாளிகிட்டப் போயி கையெழுத்து கேப்பீங்களா?" என்று கடிந்துகொண்டதும் நோட்டை மூடி வைத்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட அன்றைக்கு எனக்குக் கிடைத்த கடைசி விஷயம் அதுதான்.

கொடியேற்றி முடிந்ததும் மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நூறு முறை விமானத்திலிருந்து குதித்த மாவீரர் என்று பெரிய டீச்சர் மைக்கில் அறிமுகப்படுத்தினார். மைதானமே கைதட்டியது. மாமா எழுந்து வந்து எல்லாரையும் கும்பிட்டார்.

"நான் ஒரு தடவகூடக் குதிச்சதில்லீங்க" என்றார்.

கைதட்டல் பாதியில் நின்றது. மாமா நிதானமாக மேலே பேசினார். "குதிக்கறவங்களுக்குப் பாராசூட் மடிச்சுக் குடுக்கறதுதானுங்க என்ற வேல. எங்க அக்கா புள்ளைக்கு இத வெவரமாச் சொல்லாம உட்டுப்போட்டேன். தப்பு எம்மேலதானுங்க."

பின் வரிசையில் யாரோ, "துணி மடிக்கறவரா?" என்றார்கள். குபீரென்று சிரிப்பு. பெரியப்பாக்காரி மெதுவாகத் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்னைக் காப்பாற்றத்தான் மாமா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. ஒரே ஒரு பொய்யைச் சொல்ல இந்த மனுஷனுக்கு என்ன கேடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மாமா கதை மாதிரி சொல்ல ஆரம்பித்தார். கேட்கக் கூடாது என்றிருந்தும் காதில் விழுந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், இரண்டாம் உலகப் போர் சமயத்திலேயே நம் நாட்டில் பாராசூட் படை தொடங்கிவிட்டார்களாம். சாலையில் போனால் எதிரி வழிமறிப்பான். வானத்திலிருந்து இறங்கினால் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கலாம். கொரியாவில் சண்டை நடந்தபோது நம் ஆட்களில் ஒரு பிரிவு துப்பாக்கிக்குப் பதில் மருந்துப் பெட்டியோடு போய், காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்ததாம். வங்காளதேசப் போரில் ஒரு ஆற்றுப் பாலத்துப் பக்கம் இறங்கி, பின்வாங்கி வந்த எதிரிப் படையை மறித்தார்களாம். வானத்திலிருந்து விழுந்த மூட்டைகளைத் தூக்கிக் கொடுக்க ஊர்ச்சனங்களே ஓடிவந்தார்களாம்.

பிறகு தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மேசையில் விரித்தார். பாராசூட்டை மடிக்கிற மேசை இந்த மைதானத்தில் பாதி நீளம் இருக்கும் என்றார். மடிப்பு நழுவாமல் இருக்க மேலே சின்னச் சின்ன எடைப்பைகள் வைப்பார்களாம். இங்கே தண்ணீர் டம்ளர்களை வைத்தார். மடித்து முடித்து டம்ளர்களை எடுத்து எண்ணினார். ஒரு பை உள்ளேயே தங்கிவிட்டால் குடை விரியாது. எல்லாம் சரியாக இருந்தால் கூடவே இருக்கும் அட்டையில் மடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். யார் முதுகில் அது ஏறப்போகிறது என்பது மடித்தவருக்குத் தெரியாது. நான் இப்போது ஒரு பம்பு கம்பெனியில் மோட்டார்களை ஓட்டிப் பார்த்து அட்டையில் கையெழுத்துப் போடுகிற வேலையில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு நாளாவது அந்த டம்ளர்கள் ஞாபகத்துக்கு வரும்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, குதிக்க உங்களுக்குப் பயமா என்று கேட்டான். மறுபடியும் சிரிப்பு. மாமாவும் சிரித்தார்.

"பயந்தான் கண்ணு. அவங்க குதிக்கறப்பவே எனக்குப் பயம். எத்தன பேரு குதிச்சாங்களோ அத்தன குடையும் விரியற வரைக்கும் கீழ நின்னு எண்ணிக்கிட்டே இருப்பேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கைதட்டவும் இல்லை. பெரிய டீச்சர் அவசரமாக நன்றி சொல்லி, மிட்டாய் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

மிட்டாய்த் தட்டு எங்கள் வரிசைக்கு வருவதற்குள் வாட்ச்மேன் மைதானத்துக்குள் நடந்து வந்தார். கேட்டைத் திறந்து போட்டுவிட்டு அவர் நகர்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. காலை இழுத்துக்கொண்டு நேராக மாமாவின் முன்னால் வந்து விறைப்பாக நின்றார்.

"ஏனுங்க, ஆக்ராவுல எத்தன வருசமாங்க இருக்கறீங்க?"

"பதினாலு வருசமாச்சுங்க."

"நான் பட்டாளத்த உட்டு வெளிய வந்து எட்டு வருசமாச்சுங்க. அப்படின்னா கடைசி ஆறு வருசம் ரெண்டு பேரும் அங்கதான் இருந்திருக்கறமுங்க. நான் பாராசூட் படைங்க. நீங்க மடிச்சதுலதான் குதிச்சனுங்க."

மாமா அவருடைய காலைப் பார்த்தார். வாட்ச்மேன் அதைக் கவனித்துவிட்டு, "இது கல்லு மேல எறங்குனதுங்க. குடையக் குத்தஞ் சொல்லக் கூடாது. ஒரு தடவகூட விரியாமப் போகலீங்க" என்றார். மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி, வெட்டிய நகங்களையும் விரல்களையும் பார்த்தார். அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அட்டையில கையெழுத்து இருக்குமுங்கல்ல? ஏறப் போறதுக்கு முந்தி அதைத்தானுங்க பாப்பேன். யாருன்னு தெரியாது. மனசுல ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் முதுகுல ஏத்துவேன்."

சிரிப்புக்கும் கேலிக்கும் அசையாத மாமா இப்போது தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மேசையில் மடித்து வைத்திருந்த பொன்னாடையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று. போதாக்குறைக்கு, வகுப்பு மொத்தமும் வாட்ச்மேனைச் சுற்றிக்கொண்டது. "நெசமாலுமே குதிச்சீங்களா தாத்தா?" என்று பெரியப்பாக்காரிதான் முதலில் கேட்டாள். இத்தனை நாள் எனக்கிருந்த மவுசெல்லாம் ஐந்து நிமிடத்தில் கேட்டுத் தாத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குப் போனால் போதுமென்று மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மொபெட் கேட்டுக்கு வந்ததும் வாட்ச்மேன் எங்களுக்கு முன்னால் போய் நின்றார். கையில் அந்த நீள நோட்டு.

"ஒரு கையெழுத்துப் போட்டுப் போங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வேண்டாம்னுதான் பெரிய டீச்சரே சொன்னாங்கல்லங்க!" என்று கத்தினேன். இவ்வளவு நடந்தபிறகும் இந்த மனுஷர் சட்டம் பேசுகிறாரே! மாமா என் தலையில் கை வைத்து அமர்த்திவிட்டு இறங்கினார். பேனாவை வாங்கி, புடவை மடிக்கிற அதே நிதானத்தோடு கையெழுத்துப் போட்டார். இரண்டு வளைவும் ஒரு கோடும். யாராலும் படிக்க முடியாத கையெழுத்து.

வாட்ச்மேன் நோட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதாத்தான் இருக்குமுங்க" என்றார்.

மாமா வண்டியை எடுத்தார். குளத்து ரோடு வந்ததும் கேட்டேன்: "கையெழுத்து தப்பாப் போட்டுட்டீங்களா மாமா?"

"இல்ல கண்ணு" என்றார்.

நான் நம்பவில்லை. சரியாக இருந்தால் அத்தனை நேரம் எதற்குப் பார்க்கிறார்? பாவம், மாமாவுக்குக் கையெழுத்துப் போடவும் வரவில்லை. லீவு முடிவதற்குள் என் நாலுகோடு நோட்டைக் கொடுத்து, பேரைத் திருத்தமாக எழுதப் பழக்கிவிட வேண்டும் என்று அவர் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே முடிவு செய்தேன்.