அண்ணன் முட்டி போட்ட கேசட்

அமெரிக்காவிலிருந்து அத்தை கொடுத்தனுப்பிய வீடியோ கேசட்டைப் பெரியம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருக்காதா பின்னே, அதற்குள்ளே அவருடைய மகன் இருந்தான். அத்தை அங்கே நர்ஸ். பிள்ளை இல்லாதவர். எட்டாவது முடித்த கையோடு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தார். இப்போது அவன் காலேஜில் இருந்தான். காலேஜ் ஃபுட்பால் டீமில் டிஃபென்ஸ் ஆடுகிறான், பேப்பரிலெல்லாம் பேர் வருகிறது என்று அத்தை போனில் சொல்லிவிட்டார். போதாதா? கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு முழுக்க அவன் பேச்சுதான். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த நான், அளந்த அளப்பில் அவனை உலகக் கோப்பையே ஆட வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும் பெரியப்பா டெக் வாடகைக்கு எடுத்தார். சாதாரண டெக்கில் அமெரிக்கக் கேசட் ஓடாதாம். எந்தக் கேசட்டும் ஓடுகிற டெக் ஒன்றைக் கடைக்காரரே தூக்கிக்கொண்டு வந்தார். தெருவே எங்கள் ஹாலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பெரியப்பா ஹெட்மாஸ்டர். வீட்டிலும் ஹெட்மாஸ்டர்தான். அப்படிப்பட்டவர் அன்றைக்குத் தன் கையாலேயே எல்லாருக்கும் கேக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

படம் வந்தது. ஐயோ, வராமலே இருந்திருக்கலாம்!

பந்து இரண்டு பக்கமும் கூராக, உரித்த தேங்காய் மாதிரி இருந்தது. அதை யாரும் காலால் தொடக்கூட இல்லை. ஒருவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான். தலையில் ஹெல்மெட் மாட்டிய தடியன்கள் ஏழெட்டுப் பேர் அவன்மேல் தொப்புத் தொப்பென்று விழுந்தார்கள்.

"இன்னா சார் இது? பந்தை வுட்டுட்டு ஆளை அடிச்சிகினு கீறானுங்க!" என்றார் டெக் கடைக்காரர்.

"நம்ம புள்ள எதுங்க?" என்று பெரியம்மா கேட்டார்.

சட்டையில் ஐம்பத்து நாலு என்று போட்டிருக்கும் என அத்தை சொல்லியிருந்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. எங்கே ஒருவன் பறந்து போய் விழுகிறானோ, அங்கே ஐம்பத்து நாலு நின்றது. பந்து வைத்திருப்பவனைச் சாய்ப்பதுதான் அவனுக்கு வேலையே என்று புரிந்தபோது எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. ஊரில் இருந்தவரை கோழிக்குஞ்சைக் கையில் எடுக்கப் பயந்தவன் அவன். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முனகினார்.

அப்புறம்தான் அது நடந்தது. அண்ணன் எங்கிருந்தோ பாய்ந்து வந்து ஒரு பையனை இடித்தான். இரண்டு பேரும் விழுந்தார்கள். அண்ணன் எழுந்தான், அந்தப் பையன் எழவில்லை. கோடு போட்ட சட்டைக்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். உடனே எங்கண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினான். தலையைக் குனிந்தான். அத்தனை ஆயிரம் பேர் பார்க்க, மைதானத்தில் முட்டி போட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக முட்டி போட்டார்கள்.

 ஹாலில் இருந்த பையன்களில் பாதிப் பேர் பெரியப்பாவிடம் படித்தவர்கள், வெயிலில் மணலில் முட்டி போட்டவர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னாலிருந்து ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

பெரியப்பா எழுந்து போய் டிவியை அணைத்தார்.

"எல்லாரும் கெளம்புங்க."

"சாயங்காலம் வரைக்கும் வெச்சுக்கலாம் சார், வாடகை ஒண்ணுதான்" என்ற கடைக்காரரை அவர் பார்த்த பார்வையில், அந்த மனுஷன் ஒயரைக்கூடச் சரியாகச் சுற்றாமல் ஓடினார். சாயங்கால ஜெபத்தில் நாங்கள் எல்லாரும் முழங்கால் போட்டு, அண்ணனுக்கு நல்ல புத்தியைக் கொடும் என்று மன்றாடினோம். பெரியம்மா அழுதே விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு போனுக்கு அண்ணன் கூப்பிட்டான். நானும் கூடவே ஓடினேன். பெரியப்பா நலம்கூட விசாரிக்கவில்லை.

"உன்னைப் படிக்க அனுப்பினேனா, ஊர் பாக்க முட்டி போட அனுப்பினேனா? அந்த ஆட்டமே வேணாம். விட்டுடு."

 சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அதற்குப் பிறகு அண்ணன் ஆடவே இல்லை. அப்பா சொல் தட்டாத பிள்ளை என்று பெரியம்மா சர்ச் முழுக்கச் சொல்லிப் பூரித்தார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பல வருஷம் கழித்து, பெரியப்பாவின் அடக்கத்துக்கு வந்திருந்தபோதுதான் அண்ணன் என்னிடம் வாயைத் திறந்தான். செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். மைதானத்தில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால், மற்றவர்கள் முட்டி போட்டுக் காத்திருப்பது அங்கே வழக்கமாம். யாரும் போடச் சொல்வதில்லை. அண்ணன் அப்போது ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தானாம். அந்தப் பையனுக்குக் கழுத்தில் அடி. அதற்குப் பிறகு அவன் நடக்கவே இல்லை.  நான் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அதோட நான் விட்டுட்டேன். அப்பா சொல்றதுக்கு முன்னாடியே" என்றான். "அந்தக் கேசட்டை அனுப்பச் சொன்னதும் நான்தான். வாயால சொல்ல வரல. பாத்தா அப்பாவே கேப்பார்னு நெனச்சேன்."

"என்ன கேப்பார்னு?"

"அந்தப் பையன் என்னடா ஆனான்னு."

அன்றைக்கு ஹால் நிறைய ஆட்கள் இருந்தோம். ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஜெபத்தில்கூட அந்தப் பையனைச் சொல்லவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அந்த டிவியில் அடிபட்டவன் முட்டி போட்டு அவமானப்பட்ட எங்கண்ணன் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.