அக்காவுக்குக் கிடைத்த மோப்ப வேலை

சீ என்று ஒருமுறை காறித் துப்பாமல் என் அக்காவின் கதையை என்னால் சொல்ல முடியாது. நாற்றத்திலேயே ஓடிய பிழைப்பு அது. ஊரே கழித்துப்போட்டதெல்லாம் ஆற்றோரத்தில் மலையாகக் குவிந்து கிடந்த காலத்தில், அக்கா அதன்மேல் நின்று பிளாஸ்டிக்கையும் இரும்பையும் பொறுக்கிப் பிரித்தாள். கல்யாணமான புதிதில் ஏறியவள், மாமா போய்ச் சேர்ந்த பிறகும் இறங்கவில்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் அந்த மேட்டு வருமானத்தில்தான்.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் திரும்பி வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். அழுகிய மீன், ஆஸ்பத்திரிப் பஞ்சு, குழந்தை மலத்துணி, புழு நெளியும் சோறு எல்லாம் கலந்த ஒரு வாடை, எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. எனக்குக் குடலைப் பிடுங்கும். பக்கத்து வீட்டில் பால் திரிந்தால்கூட எனக்குத் தெரிந்துவிடும், அப்படி ஒரு பாழாய்ப்போன மூக்கு. அக்கா என்னை 'மோப்பம்' என்றுதான் கூப்பிடுவாள். அவள் மூக்கோ மேட்டிலேயே செத்துப்போயிற்று. ஒருநாள் ஊசிப்போன குழம்பை ஊற்றிச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தாள். தட்டைப் பிடுங்கிக் கொட்டினேன்.

"நல்லாத்தானேடி இருக்கு, ஏன் கத்துற?" என்றாள். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விஷயமே புரிந்தது.

பிறகு நகராட்சிக்காரர்கள் அங்கே குப்பை கொட்டுவதை நிறுத்தினார்கள். மேட்டின்மேல் தடித்த பிளாஸ்டிக் விரித்து, மண்ணைப் போட்டு மூடி, புல் வளர்த்து, ஆற்றங்கரைப் பூங்கா என்று போர்டு மாட்டினார்கள். பிணத்துக்குப் பவுடர் பூசிய மாதிரி இருந்தது எனக்கு. மூடிவிட்டால் அழுகுவது நின்றுவிடுமா? உள்ளே கிளம்பும் வாயு வெளியே போக அங்கங்கே உயரமாகக் குழாய் நட்டு, விளக்குக் கம்பம் மாதிரி பெயிண்டும் அடித்துவிட்டார்கள். மேடு எங்காவது விரிசல் விட்டுத் தரையிலிருந்து நாற்றம் கிளம்பினால் சொல்ல, தினமும் காலையில் மோந்து பார்த்துச் சுற்றிவர ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். பழைய மேட்டு ஆட்களைக் கூப்பிட்டு டாக்டரிடம் காட்டினார்கள். மூக்கருகே பஞ்சை நீட்டி என்ன வாசனை என்று கேட்டபோது அக்கா குத்துமதிப்பாக எதையோ உளறிவிட்டு வந்தாள். வேலை அவளுக்கே கிடைத்தது.

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் பயந்து செத்தாள்.

"கண்டுபிடிச்சா துரத்திருவாங்கடி. இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்? மகளுங்க வீட்டுல போய் ஒண்டிக்கச் சொல்றியா? நீ கூட வா. நீ மோந்து சொல்லு, நான் போய்ச் சொல்லிடறேன்."

என் தலையெழுத்து! தைக்க வந்த துணிகளை அப்படியே போட்டுவிட்டுக் காலையில் அவள் பின்னால் போனேன். சீருடையும் தொப்பியுமாக அவள் மிடுக்காக முன்னால் நடப்பாள். நான் புல்லில் குனிந்து நாய் மாதிரி மோந்துகொண்டு வருவேன். கேட்டால் தங்கச்சி நடைப்பயிற்சிக்கு வருகிறாள் என்பாள். குழாய்ப் பக்கம் வீசினால் பரவாயில்லை, அது உயரத்தில் போய்விடும். தரையில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னால்தான் அவளுக்கு மூச்சே வரும்.

பெருமழை பெய்து ஓய்ந்த வாரம் ஊஞ்சல்களுக்கு அடியில் மண் வெடித்திருந்தது. குனிந்தேன். அழுகிய முட்டையும் செத்த எலியும் சேர்ந்தாற்போல் குப்பென்று அடித்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். விரிசலில் கறுப்பாக, கொழகொழவென்று எதுவோ கசிந்துகொண்டிருந்தது. பூங்கா சூப்பர்வைசர் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது, குழந்தைகளும் ஊஞ்சலில் ஏறிவிட்டார்கள்.

"சார், ஊஞ்சல் பக்கம் தரையே நாறுது சார்" என்றாள் அக்கா.

"யாரு சொன்னது?"

"நானே மோந்து பாத்தேன் சார்."

"கதை விடாதம்மா. உனக்குத்தான் மோப்பமே கிடையாதே! டாக்டர் அப்படிச் சொன்னதாலதானே உன்னைப் பாத்து எடுத்தோம்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "இதுவரைக்கும் ஒரு புகார் இல்லாம ஓடிட்டிருக்கு. உன் வேலையும் ஓடும். கண்டுக்காம சுத்தி வாம்மா, போதும்" என்றார். சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கிலிருந்து அந்த ஆள் எடுக்கவே இல்லை.

மூக்கு செத்தவள் என்று தெரிந்தேதான் மோந்து பார்க்க வைத்திருக்கிறார்கள். த்தூ! எங்கே தெரிந்துவிடுமோ என்று அவள் இத்தனை நாள் திருடி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தாளே! அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. சாகும்வரை ஓடக்கூடிய வேலை. வாயை மூடிக்கொண்டால் போதும். வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் நேரே ஊஞ்சலிடம் போனாள். சங்கிலியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இறங்கு கண்ணு. எல்லாரும் புள்ளைங்களைத் தூக்கிட்டுப் போங்க! அடியில விஷக்காத்து வருது!"

"வேலை போயிரும், பாத்துக்க!" என்று பின்னாலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

"போனாப் போகுது!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பன் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். "தெரியும்மா. நேத்து சாயந்திரத்துலேருந்தே நாறுது. பசங்க ஆசையா ஆடுதுங்களேன்னு விட்டுட்டோம்" என்றான். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு நாத்தம் வருதா?"

"வருது."

ஊஞ்சலில் இருந்த அவன் குழந்தையை அவளே இறக்கினாள். கொண்டுபோய் அவன் மடியில் வைத்துவிட்டு, அடுத்த ஊஞ்சலின் சங்கிலியைப் பிடித்தாள்.