செங்காய் ஜெல்லி

இலுப்பூரில் ஒரு சின்ன ஜாம் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. தாவரவியல் படித்தவன், எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஒரு மத்தியானம் லோடு ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு, தூக்குவாளியோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். அழகுமலை என்று பெயர் சொன்னார்.

"ஜெல்லி காய்ச்சுறது இங்கதான தம்பி? இது ஏன் ஒறைய மாட்டேங்குது?"

வாளிக்குள் கொய்யாச்சாறு பானகம் மாதிரித் தளும்பியது.

அவர் மனைவி செவந்தி பஸ் ஸ்டாண்டில் கொய்யா விற்றவர். பக்கவாதம் வந்ததில் பேச்சும் போய், விழுங்கும் பலமும் போய்விட்டது. தண்ணீராகக் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். செவந்தியோ கொல்லைக் கொய்யாமரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்த ருசியை எப்படியாவது அவர் நாக்கில் வைத்துவிட வேண்டும். அழகுமலைக்கு வேறு நினைப்பே இல்லை.

"எப்படிப் பழமா எடுத்தீங்க?"

"மரத்துலயே பழுத்தது. அணில் கடிக்கிற பதம். நோவாளிக்குல்ல?"

அங்கேதான் தப்பு. எங்கள் பக்கம் நோயாளி வீட்டுக்குக் கனிந்ததைத்தான் கொண்டுபோவார்கள், காய் ஆகாது. ஆனால் ஜெல்லியை உறையவைப்பது பெக்டின். செங்கல்லுக்கு நடுவே சாந்து போல, செல் சுவர்களில் இருந்து காயை இறுக்கிப் பிடித்திருக்கும் பசை அது. பழுக்கப் பழுக்க, பழமே அதைச் சிதைத்துவிடும். பழம் மெத்தென்று ஆவது அதனால்தான்.

"பழுக்குறதுக்கு முந்தின செங்காயா எடுங்கய்யா. சீனியும் எலுமிச்சையும் போட்டுக் காய்ச்சுனா நிக்கும்."

"நோவாளி வாயில செங்காயா? காலேசுல இதத்தான் சொல்லிக் குடுத்தாய்ங்களா?"

"வீட்டம்மா பஸ் ஸ்டாண்டுல வித்தது என்னங்கய்யா? மொளகாப்பொடி போட்ட செங்காதான?"

"அது ஊர்க்காரனுக்குப்பா!" என்றவர் தானே சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சினோம். ஆறியதும் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. அழகுமலை செவந்தியை நிமிர்த்திச் சாய்த்து, கொஞ்சமாக வழித்து ஊட்டினார். செவந்தி கண்ணை மூடி நாக்கில் உருட்டினார். மெல்ல விழுங்கினார். பிறகு வாயை மறுபடி திறந்தார்.

"கேக்குறா தம்பி, பாரு," என்ற அழகுமலை துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த வாரமே காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலேயே செவந்தி இறந்துபோனார். எச்சில் இறங்கினாலே இப்படி ஆகும், சாப்பிட்டதைக் குறைசொல்ல முடியாது என்றார் டாக்டர்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அழகுமலை என் கையைப் பிடித்தார். "செங்காயக் குடுத்து அனுப்பிட்டேன் தம்பி."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "வேணும்னுதான வாயத் தொறந்தாக?" என்றேன்.

"பசியில எதுக்குந்தான் தொறப்பா. அவளுக்கு வாயிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பா."



அழகுமலை இப்போது குன்றாண்டார்கோவிலில் மகள் பரிமளா வீட்டில் இருக்கிறார். லோடு ஆட்டோவை விற்றுவிட்டார். கொய்யா சாப்பிடுவதில்லை.