வெள்ளிக்கிழமைகளில் வந்த கனகரெத்தினம்

கல்முனையிலிருந்து பாலமுனை வரைக்கும், உள்ளே சாகாமம் வரைக்கும், நாற்பத்தொரு அரிசி மில்களில் ஒரே மாதிரியான இயந்திரம் ஒன்று நிற்கிறது. இடுப்பளவு உயரம். துளையிட்ட சாய்ந்த தட்டு. அடியில் ஒரு விசிறி. மேலே அரிசியைக் கொட்டினால் அரிசி முன்பக்கமாக வழிந்து சாக்குக்குள் போகும். கல் பின்பக்கமாக மேடேறி ஒரு தகரப் பேணிக்குள் விழும். கல் மேடேறுவதை முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏதோ மந்திரம் என்றுதான் நினைப்பார்கள். கல்மெஷின் என்பது அதற்கு ஊர் வைத்த பெயர்.

அதைச் செய்தவர் கனகரெத்தினம். பதினொரு வருடமாக அதன் பித்தளைத் தகட்டில் இருந்த பெயர் வேறு. அந்தப் பெயர்க்காரர் முகைதீன்பாவா, என் கூடப்பிறந்த காக்கா. அண்ணனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆகவே இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் இருப்பது அதைவிடக் கூச்சம்.

கனகரெத்தினம் மீன்பிடிக்கிறவர் ஒருவரின் கடைசி மகன். தோணியில் ஏறினால் கரை மறையுமுன்னே வாந்தி எடுப்பார். அதனால் தகப்பன் அவரைப் பதினாறு வயதில் உழவு மெஷின் திருத்துகிற கராஜ் ஒன்றில் கொண்டுபோய் விட்டார். இருபத்தைந்து வயதில் அவருக்குச் சொந்தமாக ஒரு பழைய லேத் இருந்தது. தம்பிலுவிலிலிருந்து ஒருவர் தண்ணீர்ப் பம்பு ஒன்றைத் தூக்கி வந்தபோது, இவர் ஸ்குறூ டிறைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, “உள்ளுக்க ரெண்டு பல்லி இரிக்கி. ஒண்டு முட்டை வெச்சிரிக்கி” என்றாராம். கழற்றிப் பார்த்தால் இரண்டு பல்லிகள் இருந்தன. முட்டையை நான்தான் பிறகு சேர்த்துக்கொண்டேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும்.

சுனாமி அன்று அவருடைய வீடும் பட்டறையும் போயின. மனைவி இராசாத்தியும் போனார். மகள் நிலாந்தினி அன்று பெரியம்மா வீட்டில் நின்றதால் மிஞ்சினாள். கடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அந்த லேத்தை மட்டும் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் நாள் காக்கா போய்ப் பார்த்தபோது, கனகரெத்தினம் மணலுக்குள் பாதி புதைந்த அந்த இரும்பின்மேல் உட்கார்ந்திருந்தார். யார் கூப்பிட்டும் எழும்பவில்லை.

காக்கா கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையால் மணலைத் தோண்டத் தொடங்கினார். சற்று நேரத்தில் கனகரெத்தினமும் தோண்டினார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அந்த வாங்கிலேயே இவ்வளவு நேரம் பேசாமல் அவர்கள் இருந்ததில்லை.

லேத்தை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக் காக்காவின் மில்லுக்குக் கொண்டுவந்தார்கள். மில்லின் ஒரு கோடியை ஒதுக்கிக் கொடுத்தார் காக்கா. மண்ணெண்ணெயில் துணி நனைத்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்து அது மறுபடி சுழல ஒரு மாதம் ஆனது. சுழன்ற அன்றுதான் கனகரெத்தினம் அழுதார்.

கல்மெஷின் பிறந்தது ஒரு பல்லால். எங்கள் ஊரில் அறுவடைக் காலத்தில் நெல்லைக் காயப்போடத் தார் றோட்டைவிட நல்ல களம் இல்லை. றோட்டில் காய்ந்த நெல்லோடு றோட்டின் கல்லும் வரும். அதைப் பிரிக்கக் காக்காவின் மில் முற்றத்தில் ஒன்பது பெண்கள் சுளகோடு இருப்பார்கள். அப்படியும் ஒரு கல்யாண வீட்டில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹனில், மாப்பிள்ளையின் முன்பல் உடைந்துபோனது. உடைந்த துண்டு பறந்து எதிரே இருந்த மாமனாரின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது என்று நான் சொல்வதுண்டு. இங்கே அதை வற்புறுத்தமாட்டேன். பல் உடைந்தது உண்மை, அரிசி காக்காவுடையது என்பதும் உண்மை.

“கனகு, கல்லுப் பொறுக்க ஒரு மெஷின் அடி” என்றார் காக்கா.

“கல்லுப் பொறுக்கிற மெஷின் உன்ட முத்தத்துல ஒன்பது இரிக்கி.”

“அதுகளுக்குக் கண் வலிக்கும். மெஷினுக்கு வலிக்காது.”

“அப்ப அதுகள்ட்ட இருந்துதான் களவெடுக்கணும்” என்றார் கனகரெத்தினம்.

அப்படியே செய்தார். பெண்களில் மூத்தவர் பாலமுனை ஆயிஷா உம்மா. அவர் கையில் சுளகு பம்பரம் மாதிரி. கிட்டப்போய் உட்கார்ந்து பார்ப்பது முறையில்லை என்று, கனகரெத்தினம் லேத்தடியில் இருந்தே அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துப் படம் கீறினார். சுளகு எவ்வளவு சாயும், ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை தூக்கும், கல் எந்தப் பக்கம் ஒதுங்கும். சுளகின் இழைகளுக்கிடையே தூசு போகிறதே என்று தட்டில் துளையும் இட்டார். சிறுபோகத்தில் மில் முற்றத்தில் வைத்து ஓட்டினார்கள். மேற்கே வயல்வெளி, அங்கிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அறையும் மாதம். கல் ஒன்றுவிடாமல் மேடேறியது. காக்கா முற்றத்திலேயே நெற்றி மண்ணில் படச் சுஜூதில் விழுந்தார்.

பெரும்போக அறுவடையில் இயந்திரத்தை உள்ளே கட்டடத்துக்குள் பூட்டி, மில்காரர்கள் பதினைந்து பேரை அழைத்து ஓட்டிக் காட்டினார்கள். கல்லும் அரிசியும் கைகோத்துக்கொண்டு ஒரே சாக்குக்குள் போயின. வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு மரியாதையாகப் போனார்கள். அந்த மரியாதைதான் தாங்கமுடியாமல் இருந்தது.

எட்டு மாதம் கனகரெத்தினம் ஆணியை மாற்றினார், சாய்வை மாற்றினார், மோட்டரை மாற்றினார். கடைசியில் ஒருநாள் ஆயிஷா உம்மா தேநீர்க் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

“என்ன மனே, இதை ஏன் உள்ளுக்க வெச்சிரிக்க?”

“மழைக்கு நனையாம இரிக்கத்தான் உம்மா.”

“உள்ளுக்க இரிந்து கொழிச்சா எனக்கும் கல்லுப் போகாது. நான் எந்த நாளும் காத்துப் பாத்துத்தானே இரிக்கன். நீ என்ட கையை மட்டும்தான் பாத்திரிக்காய்.”

கனகரெத்தினம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாதி வேலையைச் செய்தது கச்சான் காற்று. அடியால் நுழைந்து துளைகளூடாக அரிசியைத் தூக்கிப் பிடித்தது அதுதான். கடலில் காற்றுப் பார்க்காமல் ஒரு நாளும் இறங்காத குடும்பத்துப் பிள்ளை அதை மறந்துபோயிருந்தார். ஒரு கிழமையில் தட்டின் அடியில் விசிறி பூட்டினார். அன்றிலிருந்து அந்த இயந்திரம் பிழை விட்டதில்லை.

மூன்று மாதத்தில் முற்றத்தில் சுளகு சத்தம் நின்றது. ஒன்பது பெண்களுக்கும் வேலை இல்லை. ஆயிஷா உம்மா பாலமுனையில் இடியப்பம் அவித்து விற்றார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் காக்கா கண்டுபிடிப்பைப் பதிவுசெய்யக் கொழும்புக்குப் போனார். கனகரெத்தினமும் போவதாகத்தான் இருந்தது, ஆனால் அவர் டெங்குக் காய்ச்சலில் கிடந்தார். பதிவுக் கந்தோரில், கண்டுபிடித்தவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். காக்கா தன் பெயரைச் சொன்னார். இரண்டு பெயர் சொல்ல வேண்டியதுதானே என்று நான் பிறகு கேட்டேன். “ஒரு நொடி யோசிச்சன் தங்கச்சி. அந்த ஒரு நொடிதான்” என்றார். பத்திரிகையில் படம் வந்தது. தகடு அடிக்கப்பட்டது. மில் மில்லாக மெஷின் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை, காக்கா ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், கனகரெத்தினம் லேத்தை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். “இடம் காணாது” என்று வேலையாட்களிடம் சொன்னாராம். அந்தக் கோடியில் இன்னொரு லேத்தும் வைக்கலாம்.

பதினொரு வருடம் இருவரும் கதைக்கவில்லை. ஆனால் காக்காவின் மில்லில் நின்ற முதல் கல்மெஷின் ஒருநாளும் பழுதாகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ பாங்கு சொன்னதும் ஒரு சைக்கிள் மில் வாசலில் நிற்கும். மில்காரர்கள் தொழுகையில் இருக்கும் அந்த நேரத்துக்குள் கிறீஸ் வைத்து, வாரை இறுக்கி, தட்டைத் துடைத்துவிட்டு அது போய்விடும். காவலாளி யாரிடமும் சொல்லமாட்டார். காக்காவுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் காக்காவுக்கு ஹஜ்ஜுக்குப் போக வாய்ப்பு வந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த குறைகளைப் பொருந்திக்கொள்ளும்படி கேட்பது எங்கள் வழக்கம். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். காக்கா ஐம்பது வீடு ஏறி இறங்கினார். கடைசியாகக் கனகரெத்தினத்தின் பட்டறை. கண் மங்குது என்று சொல்லி என்னையும் கைத்துணைக்குக் கூட்டிப்போனார். அவருக்குக் கண் மங்கவில்லை.

லேத்தை நிறுத்தாமலே கனகரெத்தினம் கேட்டார்: “ஆரு?”

“நான்தான் மச்சான்.”

“எந்த நான்? தகட்டுல இரிக்கிற நானா?”

“ஓம். அதுக்குத்தான் வந்தன். ஹஜ்ஜுக்குப் போறன் கனகு. பொருந்திக்க.”

“ஊரெல்லாம் கேட்டு முடிச்சிட்டுக் கடைசியாத்தான் இஞ்ச வந்திரிக்காய்.”

“பயத்துல கடைசியா வெச்சன்.”

லேத் நின்றது. கனகரெத்தினம் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“என்ட பங்கை நான் எப்பவோ பொருந்திட்டன். இல்லாட்டி வெள்ளிக்கு வெள்ளி உன்ட மில்லுக்கு ஏன் வாறன்?”

“தெரியும். நீ கிறீஸ் வெச்சு முடிக்கட்டும் எண்டுதானே தொழுகை முடிஞ்சும் பத்து நிமிசம் பள்ளியில கிடப்பன்.”

கனகரெத்தினம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“ஆனா காத்து என்ட இல்ல பாவா. அது ஆயிஷா உம்மாட. என்ட பேர் இல்லையே எண்டு பதினொரு வருசம் வெந்திரிக்கன். அந்த மனிசிட பேர் இல்லையே எண்டு ஒரு நாளும் எனக்கு வரல. அதுவும் அவ சொன்ன அந்தக் கதையாலதான் அவவுட வேலையே போச்சு. நான் உன்னை விடத் திறமான ஆளில்ல. அவவுட்ட நாம ரெண்டு பேரும்தான் கேட்டிரிக்கணும்.”

ஆயிஷா உம்மா அதற்கு ஆறு மாதம் முந்தித்தான் மவுத்தாகி மண்ணுக்குப் போயிருந்தார். மகளிடமாவது கேட்போம் என்று மூவரும் பாலமுனைக்குப் போனோம். மகள் பரீனா பாய் விரித்து, தேநீர் தந்து, முழுக்கக் கேட்டாள்.

“உம்மா சொன்ன ஒரு கதையால ஒன்பது பேருட வேலை போச்சு. மத்த எட்டுப் பேரும் உம்மாவோட வருசக் கணக்கா முகம் குடுத்துக் கதைக்கல” என்றாள். “உம்மா உங்களைக் குறையாச் சொன்னதில்ல. பொருந்தினன் எண்டும் சொன்னதில்ல. உம்மாட வாயால வரவேண்டியதை நான் எப்பிடிச் சொல்ற?”

“அப்ப நாங்க என்னம்மா செய்யிற?” என்றார் கனகரெத்தினம்.

“எனக்குத் தெரியா மாமா. உங்கட கையில ஏலுமானதைச் செஞ்சிட்டு, உம்மாட கபுறடியில வந்து நீங்களே சொல்லுங்க.”

காக்கா அந்த வார்த்தையைப் பெறாமலேதான் மக்கா போனார். திரும்பி வந்து, பதிவைத் திருத்தும்படி கொழும்புக்கு எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. கையில் ஏலுமானது தகடு ஒன்றுதான். கனகரெத்தினம் நாற்பத்தொரு புதுத் தகடு வெட்டினார். முதல் வரியில் ஆயிஷா உம்மா, அடுத்ததில் கனகரெத்தினம், கடைசியில் முகைதீன்பாவா. ஒவ்வொரு மில்லாகப் போய்ப் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். காக்கா கூடவே போய் ஆணிப் பேணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண்டுபிடித்தவர் என்று பத்திரிகையில் வந்த மனிதருக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இருபத்தாறாவது மில்லோடு கனகரெத்தினத்தின் நெஞ்சு நின்றது. போன வருடம் மாசி மாதம். நிலாந்தினி, எண்ணெய்த் துணியில் சுற்றிய பதினைந்து தகட்டையும் தகப்பனின் ஸ்பனர்ச் சாவிக் கட்டையும் காக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். “அப்பா குடுக்கச் சொல்லல. நான்தான் கொண்டாந்தன்” என்றாள்.

எழுபத்தைந்து வயதில் காக்கா முதல் தடவையாக ஸ்பனர் பிடித்தார். இரண்டு விரலில் நகம் போனது. அவர் பூட்டிய தகடுகள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். “கனகு இரிந்தா நேரா இரிக்கும்” என்று ஒவ்வொரு மில்லிலும் அவராகவே சொல்லிவிடுவார்.

போன சனிக்கிழமை சாகாமத்தில் கடைசித் தகடு ஏறியது. அங்கிருந்து நேரே ஆயிஷா உம்மா அடங்கியிருக்கும் பாலமுனை மையவாடிக்குப் போனோம். நானும் பரீனாவும் வெளியே மதிலடியில் நின்றோம். காக்கா உள்ளே போய் ஸலாம் சொல்லி, “நாப்பத்தொண்டும் முடிஞ்சிது உம்மா. கனகு இருபத்தாறு, நான் பதினைஞ்சு” என்றார்.

வெளியே வந்தவரைப் பரீனா பார்த்தாள். அவள் சொல்லப்போவது பொருந்தினன் என்ற அந்த வார்த்தைதானோ என்று காக்காவின் முகம் முழுக்க இருந்தது.

“எங்கட பாலமுனை மில்லுல பாத்தன்” என்றாள். “கோணலா அடிச்சிரிக்கீங்க.”

“ஓம் மகள்.”

“உம்மா கோணலைக் கண்டா விடமாட்டா. நேராக்கிட்டு வந்து மறுகா சொல்லுங்க.”

காக்கா தலையை ஆட்டினார். முச்சக்கர வண்டியில் ஏறியதும் மடியிலிருந்த சாவிக் கட்டை அவிழ்த்து, எந்த ஸ்பனர் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.