பொள்ளாச்சிச் சந்தையில் பச்சை ஈ பிடித்த கதை

ஆங்கோமோனாஸ் என்ற பெயரைப் பார்த்துப் பயந்து ஓடிவிடாதீர்கள். ஈயின் குடலில் வாழும் ஒட்டுண்ணி அது. ஒரே செல், சாட்டை போல ஒரு வால். அந்தச் செல்லுக்குள் ஒரு பாக்டீரியா நிரந்தரமாகக் குடியிருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது அதுவும் கூடவே இரண்டாகும். ஸ்ட்ரிகோமோனாஸ் என்று இதற்கு ஒரு பங்காளி உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம், மரபணுதான் சொல்லும். நம் வட்டாரத்து ஈக்களில் எது இருக்கிறது என்று தேடுவது என் ஆய்வு. அதற்காகப் போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போனேன்.

உக்கடத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ், நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து சந்தைக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

"மாடு வாங்கறதுக்குங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஈ புடிக்கறதுக்குங்க."

இறங்கும்வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு செவலைப் பசுவின் காலடியில் பச்சை ஈக்கள் மொய்த்தன. வலையை வீசினேன். பசுவை விற்க வந்த பழனிசாமி அண்ணனும் ஒரு வியாபாரியும் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வியாபாரி கையை உருவிக்கொண்டார்.

"சீக்கு இல்லாமயா ஆபீஸ்ல இருந்து வந்து ஈ புடிக்கறாங்க?"

"இது ஈயோட குடல்ல இருக்கறதுங்க. மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க," என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க இத்தன மாட்ட உட்டுப்போட்டு இதுகிட்ட வந்தீங்க?"

பழனிசாமி அண்ணன் முகம் கறுத்துவிட்டது. திரும்ப ஓட்டிப்போக முடியாது, வீட்டில் தீவனத்துக்கு ஒரு பிடி சோளத்தட்டுகூட இல்லை என்று அவரே சொன்னார். பதறிப்போய் மற்ற மாடுகளிடமும் டீக்கடையிலும் அதே பச்சை ஈயைப் பிடித்துக் காட்டினேன். வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அவர் கை மறுபடி துண்டுக்குள் போனது. விலை இறங்கிவிட்டது.

"ஏனம்மணி, ஒரு பத்து நிமிசம் கழிச்சு வந்திருக்கக்கூடாதுங்களா?" என்றார் அண்ணன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆய்வகத்தில் பார்த்தபோது, பிடித்து வந்ததில் ஓர் ஈயில் வால் உள்ள செல்கள் கிடைத்தன. உள்ளே பாக்டீரியாவும் தெரிந்தது. குடியிருப்பதா, வெளியிலிருந்து ஒட்டியதா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. மாதிரியைச் சுத்தம் செய்ய ஆன்டிபயாடிக் போடுகிறவர்கள் ஒரு குழாயை மருந்தில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து குடியிருப்பதையும் சேர்த்தே கொன்றுவிடும்.

அடுத்த செவ்வாயும் போனேன். அதே செவலைப் பசு, அதே வியாபாரி. இப்போது விற்கிறவர் அவர். என்னைக் கண்டதும் வாங்க வந்தவரிடம் உரக்கச் சொன்னார்: "அந்த அம்மணியையே கேட்டுப்பாருங்க. போன வாரமே ஈயெல்லாம் புடிச்சு டெஸ்ட் பண்ணிப்போட்டாங்க. ஒரு சீக்கும் இல்லீங்க."

சந்தைக்குப் போகிறவர்கள், வலையை விரிக்குமுன் பேரம் முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.