சாமித்தட்டில் ஒரு மோர்மன் படம்

டென்மார்க்கில், இக்காஸ்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், ஒரு டேனிஷ் கிழவரின் வீட்டு மேல்மாடியில் நானும் ஒரு தம்பியும் வாடகைக்கு இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை. அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன், வயதில் இளையவன், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் துணி ஆலையில் வேலை.

கிழவர் கீழே தனியாக இருந்தார். மனைவி செத்த பிறகு மேல்மாடியின் மற்ற இரண்டு அறைகளையும் பூட்டியே வைத்திருந்தார். என் மனைவியும் மகளும் ஊரிலிருந்து வர அனுமதி கிடைத்திருந்த நேரம் அது. வந்தால் இருக்க இடம் வேண்டும். அந்த இரண்டு அறைகளையும் தருகிறேன் என்று கிழவர் வாயால் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் நான் அவர்களை வரச் சொல்லியிருந்தேன். வேறு வீடு தேடிப் போனால், எங்கள் முகத்தைக் கண்டதும் இப்போதுதான் ஆருக்கோ கொடுத்துவிட்டோம் என்பார்கள்.

அந்த மாரிகாலத்தில்தான் இரண்டு அமெரிக்கப் பெடியன்கள் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். வெள்ளைச் சட்டை, டை, சட்டைப் பையில் பெயர்த்தகடு. மோர்மன் சமயத்தைப் பரப்ப வந்தவர்கள். ஊரில் எல்லாரும் அவர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் சாத்தவில்லை. பனியில் நனைந்து வாசலில் நிற்பவனை உள்ளே வா என்று சொல்லாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது.

தம்பி தேநீர் போட்டுக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றார்கள். கோப்பி? அதுவும் வேண்டாம். தம்பியின் முகம் கறுத்துவிட்டது.

“அண்ணை, இவங்கள் எங்கட சாதி என்னெண்டு ஆரிட்டையோ விசாரிச்சுப்போட்டுத்தான் குடிக்காமல் இருக்கிறாங்கள்.”

“விசர்க்கதை கதையாதை. அமெரிக்காக்காரனுக்கு உன்ர சாதி எப்பிடியடா தெரியும்?”

“இஞ்சையும் எங்கட ஆக்கள் இருக்கினம்தானே, சொல்லியிருப்பினம்.”

பிறகுதான் விளங்கியது. தேயிலையும் கோப்பியும் அவர்களின் சமயத்தில் விலக்கு. பால் குடிப்பார்களாம். தம்பி பாலைச் சீனி போட்டுக் காய்ச்சிக் கொடுத்தான். இருவரும் ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தார்கள். அதோடு அவனுக்கு அவர்களைப் பிடித்துவிட்டது.

அவர்கள் அமெரிக்க நாக்கால் டேனிஷ் கதைப்பார்கள், நாங்கள் ஆலையில் பொறுக்கிய டேனிஷால் பதில் சொல்லுவோம். அதனால் தங்கள் வேதப் புத்தகத்தை விட்டுவிட்டு ஒரு பெரிய பட ஆல்பம் கொண்டு வந்தார்கள். தங்கள் சமயம் தொடங்கிய காலத்துப் படங்கள். சில வர்ணம், சில பழைய பத்திரிகைகளில் வந்த கோட்டுப்படங்கள். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஆள். படமென்றால் எவ்வளவு நேரமும் பார்ப்பேன்.

ஒரு படத்தில் ஒரு மலைச்சரிவு. ஒருவன் கல்லைப் புரட்டி, நிலத்துக்குள் இருந்து பொன்தகடுகளை எடுக்கிறான். தகடு முழுவதும் எழுத்து. எங்கள் ஊரிலும் கிணறு வெட்டும்போது சிலை வந்து கோயில் கட்டிய கதைகள் உண்டு, ஆகவே எனக்கு அது புதினமாகத் தெரியவில்லை. இன்னொன்றில் ஆற்றங்கரையில் ஒரு பட்டினம். மாரிகாலம், ஆறு உறைந்து கிடக்கிறது, ஐஸ்கட்டிக்கு மேலால் மாட்டுவண்டிகள் வரிசையாகப் போகின்றன. பின்னால் புகை.

“ஆர் கலைச்சது?” என்று கேட்டேன்.

“அயலூர்ச் சனங்கள்.”

“அண்ணை, அமெரிக்காவிலும் அயலட்டைக் கரைச்சல் இருந்திருக்கு!” என்று தம்பி சிரித்தான். நான் கொழும்பில், கலவரத்தில் வேலை செய்த கடை எரிந்த அன்று ஓடியவன். எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தை இன்னும் கொஞ்சம் பார்த்தேன்.

தம்பிக்குப் பிடித்தது வேறு படம். ஒரு காட்டுக்குள் ஒரு பெடியன் முழங்காலில் இருக்கிறான். மேலே வெளிச்சத்தில் வெள்ளை உடுப்போடு இரண்டு பேர் நிற்கிறார்கள்.

“இவை ஆர்?”

“தகப்பனும் மகனும்,” என்றான் உயரமான பெடியன்.

“ரெண்டும் வேறை வேறை ஆளோ?”

“ஓம், வேறை வேறை.”

தம்பிக்குச் சந்தோசம். “அப்ப சிவனும் முருகனும் மாதிரித்தான் அண்ணை. எங்கட ஆக்கள்தான்.”

அவர்கள் அந்தப் படத்தின் தனிப்பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தம்பி அதைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் நடுவில் வைத்தான். சந்தனப் பொட்டும் வைத்து விளக்குக் கொளுத்தினான். எங்கள் வீடுகளில் சாமிப்படமென்று ஒன்று வந்தால் வைக்கிற இடம் அதுதான்.

ஒருநாள் அறையைச் சூடாக்கும் ஹீற்றருக்குள் அடைத்த காற்றை எடுத்துவிடக் கிழவர் மேலே வந்தார். தட்டைக் கண்டார். ஹீற்றரைத் தொடாமல் அப்படியே நின்றார்.

“நீங்கள் மோர்மன் ஆகிவிட்டியளோ?”

அவர் டேனிஷில்தான் கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் பேசியதெல்லாம் எனக்குள் தமிழாகிவிட்டது.

“இல்லை ஐயா. அது சும்மா ஒரு படம்.”

“சும்மா படத்துக்கு ஆரும் நெருப்புக் கொளுத்துவினமோ? கீழை வாரும்.”

கீழே படிக்கட்டுச் சுவரில் ஒரு பழைய அச்சுப்படம் தொங்கியது. நான் தினமும் அதைக் கடந்துதான் போய்வந்தேன், நின்று பார்த்ததில்லை. துறைமுகம், கப்பல், மூட்டைமுடிச்சோடு சனம். அந்தக் காலத்தில் மோர்மன்காரர் டென்மார்க்கில் சனத்தைச் சேர்த்துக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்களாம். அப்படி ஏறிப் போனவர்களில் கிழவருடைய தாத்தாவின் தாயும் ஒருத்தி. நடக்கப் பழகிய பிள்ளையைச் சொந்தக்காரரிடம் விட்டுவிட்டுப் போனாள். பிறகு ஒரு சேதியும் இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, ஏதோ பத்திரிகையில் வந்த இந்தப் படத்தை வெட்டிக் கண்ணாடி போட்டது. கூட்டத்துக்குள் தலையில் துணி கட்டி, முதுகைக் காட்டி நிற்கிற ஒருத்தியைத் தன் தாய் என்று வைத்துக்கொண்டது.

“அங்கை போய்ச் சொகுசாய் இருந்திருப்பாள்,” என்றார் கிழவர். “அந்தப் படம் என்ர வீட்டிலை இருக்கக்கூடாது. இருந்தால் அறை இல்லை.”

மேலே வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் முடியாது என்றான்.

“விளக்கு வைச்ச படத்தைத் தூக்கி எறியிறதோ? உங்களுக்குக் குடும்பம் வரேக்கை பாவத்தைத் தேடுறியளோ அண்ணை?”

அவன் சொன்னதிலும் பிழை இல்லை. வேலையில் துணிக்கட்டுகளைத் தள்ளிக்கொண்டே யோசித்தேன். எறியத்தானே கூடாது? தந்தவன் கையில் திருப்பிக் கொடுக்கலாம். அதைக் கிழவருக்கு முன்னாலேயே கொடுத்தால் அவருக்கும் நம்பிக்கை வரும். தம்பி அரைமனதோடு சம்மதித்தான்.

பெடியன்கள் வந்த அன்று கிழவரை மேலே கூப்பிட்டேன். அவர் கதவடியிலேயே நின்றார். தம்பி விளக்கை அணைத்து, படத்தைக் கும்பிட்டு எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தான். பெடியன் சந்தனப் பொட்டைப் பார்த்தான். துடைக்கவில்லை. கவனமாகப் பைக்குள் வைத்தான். அவனுக்கு விளங்கியதோ தெரியாது.

“கவலைப்படாதை,” என்று தம்பி அவனுக்குச் சொன்னான். “பால் எப்பவும் இருக்கு.”

அப்போது கிழவர் உள்ளே வந்தார். ஆல்பம் மேசையில் விரிந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் வண்டி இழுக்கிற சனம். மாடு இல்லை, குதிரை இல்லை. மனிசரே மரச்சட்டத்துக்குள் நின்று நெஞ்சால் தள்ளி இழுக்கிறார்கள். காற்றில் பனி பறக்கிறது. கொழும்புப் புறக்கோட்டையில் நானும் கைவண்டி இழுத்தவன். மேட்டில் அந்தச் சட்டம் எலும்பில் எப்படி இருக்குமென்று தெரியும். ஆனால் எனக்குக் காலடியில் வெய்யில் காய்ந்த தார்.

“இது எங்கை?” என்று கிழவர் கேட்டார்.

கப்பலால் இறங்கிய பிறகு மாடு வாங்க வழியில்லாதவர்கள் இப்படித்தான் போனார்கள் என்று பெடியன் சொன்னான். டென்மார்க் சனமும் இருந்தார்களாம். அடுத்த பக்கத்தைத் திருப்பினான். பனிக்குள் ஒரு குழி, சுற்றிவர நாலைந்து பேர், துணியால் சுற்றிய ஒரு உடல்.

கிழவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முந்தின பக்கத்தைத் திரும்பப் புரட்டினார். வண்டி இழுக்கிற பெண்கள் எல்லாரும் தலையில் துணி கட்டியிருந்தார்கள். ஒருவரின் முகமும் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொருத்தியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனார். இது பிறகு ஆரோ யோசித்துக் கீறிய படம், அதில் அவளைத் தேட முடியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆரும் சொல்லவில்லை.

“இவ்வளவு தூரமும் நடையோ?”

“நடைதான்,” என்றான் பெடியன்.

கிழவர் நிமிர்ந்து அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உம்மட மனுசி வரேக்கை, பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதானே வாறா?”

“ஓம் ஐயா. ரெண்டு பேரும் ஒண்டாய்த்தான் வருகினம்.”

“வடிவாய்த் தெரியுமோ? பிள்ளை பின்னாலை வரும் எண்டு ஆரிட்டையும் விட்டிட்டு வரமாட்டாவே?”

“அவ விடமாட்டா.”

தலையை ஆட்டிவிட்டுக் கீழே போனார். திறப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தார். உள்ளே அவர் மனைவியின் தையல்மெசின், மடித்த திரைச்சீலைகள், ஒரு இரும்புக் கட்டில்.

“இதுக்குள்ளை பிள்ளை படுக்கட்டும். யன்னல் வடக்குப் பக்கம், குளிரும். நல்லாய் அடைக்கோணும்,” என்று சொல்லிவிட்டுத் தையல்மெசினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். “என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? தூக்குங்கோ.”

மற்றப் பக்கத்தை உயரமான பெடியன் பிடித்தான். நான் அவர்களுக்கு முன்னால், படிக்கட்டில் பின்பக்கமாகவே இறங்கி வழி சொன்னேன்.